அண்ணியின் பன்னிரண்டு சதுரங்கள்

என் அண்ணியோடு பேசப் பொறுமை வேண்டும். "அண்ணி, அண்ணன் எங்கே?" என்று கேட்டால், நம் முகத்தைப் பார்த்துக்கொண்டே "பதினாலு" என்பார். அண்ணன் லாரி எடுத்துக்கொண்டு போயிருப்பார். பதினாலு என்பது எங்கோ ஒரு சதுரத்தில் அண்ணி எண்ணிய நீலப் பூச்செடிகள். உடம்பு அடுப்படியில், மனசு ஆற்றோரத்தில். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பழகிவிட்டது.

தாவர ஆய்வு அலுவலகத்தில் அண்ணிக்குக் களப்பணி. ஆறு வளைகிற இடத்தில், இரு கரையிலும், வெள்ளம் ஏறி இறங்கும் புல்வெளி இருக்கிறது. காலங்காலமாக மாடு மேய்ந்து, ஆட்கள் அறுத்த இடம். நிலத்துக்கு ஓய்வு கொடுத்தால் பூ பெருகும் என்று யாரோ மேலிடத்தில் முடிவெடுக்க, இக்கரையில் வேலி போட்டார்கள். மாடும் கூடாது, அரிவாளும் கூடாது. உள்ளே பன்னிரண்டு இடங்களில் இரும்புக் குச்சி அடித்திருந்தார்கள். ஆண்டுதோறும் பூக்கும் காலத்தில், குச்சியை மூலையாக வைத்து ஒரு மீட்டர் மரச்சட்டத்தைப் போட்டு, அதற்குள் எத்தனை வகைச் செடி என்று எண்ண வேண்டும். எண்ணுவது அண்ணி. சட்டத்தைச் செய்துகொடுத்த தச்சன் நான்.

முதல் ஆண்டு புல் முழங்கால் உயரம். மூன்றாம் ஆண்டு இடுப்பு. அப்புறம் ஆளையே விழுங்கிவிட்டது. அறுக்காத புல் காய்ந்து சாய, அதன்மேல் அடுத்த ஆண்டுப் புல் சாய, தரையில் மெத்தை போட்டது மாதிரி சருகு. பள்ளத்தில் நாணல் ஏறியது. ஓரத்துப் புதர்கள் மரமாகத் துணிந்தன. பனிமூட்டத்தில் அண்ணி உள்ளே இறங்கினால் ஆள் மறைந்து, எண்ணுகிற குரல் மட்டும் மிதந்து வரும். எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று சொல்ல முடியாது. ஆறே தன்பாட்டுக்கு எதையோ எண்ணுவது போல இருக்கும். பட்டறையை அப்படியே போட்டுவிட்டு, வேலை வெட்டி இல்லாதவன் மாதிரி வேலியோரம் நின்று அதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அது அவ்வளவு பிடிக்கும்.

ஒன்பது ஆண்டு நோட்டிலும் பூ குறையவில்லை. ஒரு சதுரத்துக்கு இருபது வகை, இருபத்தொரு வகை. புதிதாக வந்த அதிகாரி அம்மா மகிழ்ந்துபோனார். "உங்க நோட்டை நம்பித்தான் அக்கரையையும் வேலி போட்டு மூடப்போறோம். மாசக் கடைசில கூட்டம், அன்னிக்கே கையெழுத்து" என்றார். அண்ணிக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்த வாரம் சட்டத்தின் ஒரு மூலை ஆட்டம் கொடுத்தது. ஆப்பும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு நானே புல்லுக்குள் போனேன். அடித்து இறுக்கி, சரியாக உட்காருகிறதா என்று நின்ற இடத்திலேயே கீழே வைத்தேன்.

"இங்க ஒண்ணு எண்ணுங்களேன் அண்ணி."

"அங்க குச்சி இல்லையே தம்பி."

"குச்சி இல்லன்னா பூ வராதா?"

சிரித்துக்கொண்டே மண்டியிட்டார். முழங்கை வரை சருகுக்குள் கையை விட்டு விலக்கினார். அடியில் வெளிச்சமே படாத வெளுத்த தண்டுகள். ஒரு கோரை, ஒரு நெட்டைப் புல். "ரெண்டு" என்றார். பத்தடி தள்ளிப் போட்டார். மூன்று. இன்னும் தள்ளி. ரெண்டு. உச்சி வெயில் வரை போட்டுக்கொண்டே போனார். கடைசியில் ஒரு குச்சியருகே போட்டார். இருபத்தொன்று.

குச்சியைச் சுற்றிப் புல் கட்டையாக, சருகில்லாமல், சுத்தமாக இருந்தது. அண்ணி அதையே வெகுநேரம் பார்த்தார்.

"குச்சி கண்ணுக்குத் தெரியணுமேன்னு மாசாமாசம் நான்தான் சுத்தி அறுக்கிறேன் தம்பி. சருகையும் வாரி வெளிய போட்டுடுவேன். ரெண்டாவது வருஷம் ஒரு குச்சியத் தேடி அரை நாள் அலைஞ்சேன். அதுலேருந்து அப்படித்தான்."

"சரி, அதுக்கென்ன?"

"அறுத்த இடத்துல மட்டும்தான் பூ நிக்குது தம்பி. எட்டு வருஷமா மாடு மாதிரி நானே மேய்ஞ்சிருக்கேன்."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவர் சிரிக்கவில்லை. என் சிரிப்பு பாதியில் நின்றுபோனது.

"யாருக்குத் தெரியப்போகுது அண்ணி? இந்தப் புல்லுக்குள்ள எந்த ஆபீசர் வரப்போறாங்க? வாயத் திறக்காதீங்க" என்றேன். நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

அண்ணி புல்லை விலக்கி அக்கரையைக் காட்டினார். அங்கே மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. அவற்றின் குளம்புகளைச் சுற்றி மஞ்சளும் நீலமும் வெள்ளையுமாகப் பூக்கள், கால் வைக்க இடமில்லை. வெயிலில் அந்தக் கரையே அசைவதுபோல் இருந்தது. "அதை மூடினா, பத்து வருஷத்துல அங்கயும் ரெண்டுதான்" என்றார்.

கூட்டத்துக்குத் துணைக்கு நானும் போனேன். நீளமான மேசை, மின்விசிறிக் காற்றில் படபடக்கும் வரைபடம். அதிகாரி அம்மா பேனாவைத் திறக்கும்போது அண்ணி எழுந்து நின்றார். குச்சி, அரிவாள், சருகு எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். குச்சிகளுக்கு வெளியே எண்ணிய முப்பத்தாறு இடங்களின் தாளையும் மேசைமேல் வைத்தார். அதிகாரி அம்மா தாளை இரண்டு முறை படித்தார்.

"அப்ப இந்த நோட்டு எதுவும் செல்லாதும்மா. ஒன்பது வருஷமும் அடிச்சிடணும்."

"அடிச்சிடுங்க மேடம்."

"அறுக்கக் கூடாதுன்னு உத்தரவு இருக்குல்ல, அதை மீறியிருக்கீங்க. மேல கேட்டா உங்க பேரைத்தான் சொல்லணும்."

"சொல்லுங்க. அக்கரையை மூட மாட்டீங்கதானே?"

அதிகாரி அம்மா அவரையே பார்த்தார். பிறகு பேனாவை மூடினார். "மூடல" என்றார்.

"இக்கரைக்கு எப்ப மாடு விடுவீங்க?" என்று உடனே கேட்டார் அண்ணி. கேட்ட யாருக்கும் லேசாகச் சிரிப்பு வந்திருக்கும். எனக்குத்தான் வரவில்லை.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அழுதார். ஒன்பது வருஷம், ஒன்பது வருஷம் என்று சொல்லிச் சொல்லி, இறங்கும் இடம் வரும்வரை அழுதார். நான் ஜன்னலைத் திறந்துவிட்டேன்.