ஓடாமல் உறுமிய சிவப்புக் கார்

எங்கள் வீட்டு வாசலில் எட்டு நாள் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் நின்றது என்று சொன்னால் என் பிள்ளைகளே நம்புவதில்லை. தருமபுரி மாவட்டத்தில் இண்டூர்ப் பக்கம், சோளக்காட்டு ஓரத்தில் ஒரு ஓட்டு வீடு, வாசலில் எருமை, அதற்குப் பக்கத்தில் எருமையைவிடக் குட்டையாக, இரண்டே கதவும் இரண்டே சீட்டும் வைத்த ஒரு கார். யார்தான் நம்புவார்கள்? போதாக்குறைக்கு அந்தக் கார் தினமும் விடிந்ததும் கால் மணி நேரம் நின்ற இடத்திலேயே உறுமிவிட்டு அணைந்துவிடும், எங்கேயும் போகாது என்று வேறு சொல்கிறேன்.

"இப்ப வர்ற வண்டிக்கெல்லாம் அப்படி நிறுத்தி வெச்சு சூடு பண்ணத் தேவையில்லப்பா. ஸ்டார்ட் பண்ணி மெதுவா ஓட்டுனாலே போதும்" என்கிறான் மகன், போனில் பார்த்துவிட்டு. அது பழைய காலத்து வண்டி என்றேன். "சரி, சூடு பண்ணுனவரு ஓட்டணுமில்ல?" என்றான்.

நியாயமான கேள்வி. பத்து வயதில் நானும் அதைத்தான் கேட்டேன். கேட்டதோடு நிறுத்தியிருந்தால் குடும்பத்தில் எனக்குக் கொஞ்சம் மரியாதை மிஞ்சியிருக்கும்.

கார் சித்தப்பா கொண்டுவந்தது. அவர் பெங்களூரில் ஒரு பணக்காரருடைய கார்களை ஓட்டிக்கொண்டும், துடைத்துக்கொண்டும், ரிப்பேர் பார்த்துக்கொண்டும் இருந்தார். மூன்று வருடமாக ஊர்ப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பொங்கலுக்கும் இல்லை, தீபாவளிக்கும் இல்லை. அப்படிப்பட்டவர் ஒரு மார்கழி மத்தியானம் அடிவயிறு தரையில் உரச உரச எங்கள் வண்டித்தடத்தில் அந்தச் சிவப்புக் காரை ஊர்ந்து ஓட்டிவந்து வாசலில் நிறுத்தினார்.

"மொதலாளி வெளிநாடு போயிருக்காருங்க அண்ணி. சும்மா நின்னா வண்டி கெட்டுப்போயிரும். அதான் எடுத்தாந்துட்டேன்" என்று அம்மாவிடம் சொன்னார். அப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவும் ஒன்றும் கேட்கவில்லை. எருமைக்குத் தண்ணீர் காட்டப் போனார். அது தண்ணீர் குடித்து அரைமணி நேரம்தான் ஆகியிருந்தது.

அம்மாவுக்கு அப்போது நிறைமாதம். ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "வாங்க தம்பி, மொதல்ல சாப்புடுங்க" என்றாள்.

எனக்கு அன்றைக்குச் சந்தேகம் எதுவும் கிடையாது. கர்வம்தான். மறுநாள் பள்ளிக்கூடத்தில் ஆறு பேருக்கு ரவுண்டு அடிக்க வைப்பதாக வாக்குக் கொடுத்து, ஆளுக்கொரு கொய்யாப்பழம் வாங்கித் தின்றும் விட்டேன். சாயங்காலம் சித்தப்பாவிடம் போய் நின்றேன்.

"இல்ல கண்ணு, வண்டிய எடுக்க முடியாது."

"தருமபுரி வரைக்கும் வேண்டாஞ் சித்தப்பா. ஏரிக்கரை மேடு வரைக்கும்?"

ஏரிக்கரை என்றதும் அவர் முகம் என்னவோ போல் ஆயிற்று. "அங்க வேண்டவே வேண்டாம்" என்று எழுந்து போய்விட்டார்.

என் சந்தேகம் பிறந்த இடம் இதுதான். தேசபக்தி, நேர்மை, சட்டத்தின் மேல் மரியாதை எதுவும் காரணமல்ல. ஆறு கொய்யாப்பழம் என் வயிற்றுக்குள் இருந்தது.

அதற்குப் பிறகு அவரைக் கண்காணிக்க ஆரம்பித்தேன். விடிந்தும் விடியாமல் பனி மூடிய வாசலில் இறங்கி, கார்மேல் போர்த்தியிருந்த சாக்குப் படுதாவை உருவுவார். சாவியைத் திருப்புவார். வண்டி உறுமும், எருமை கயிற்றை இழுக்கும். சித்தப்பா ஆக்சிலேட்டரைத் தொடமாட்டார். சீட்டில் ஒருக்களித்து உட்கார்ந்து முன்னாலிருந்த இரண்டு முள்ளையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"எதுக்குச் சித்தப்பா சும்மா ஓடுது?"

"இந்தக் குளுருல உள்ள இருக்கற ஆயில் தேனாட்டம் கெட்டியா கெடக்கும் கண்ணு. சூடாயி தண்ணியாட்டம் ஆனாத்தான் எல்லா மூலைக்கும் போவும். அதுக்குள்ள அவசரப்பட்டு மிதிச்சம்னா தேய்ஞ்சுரும். இந்த முள்ளு தண்ணிச் சூட்டக் காட்டும், சீக்கிரம் ஏறிரும். அத நம்பக் கூடாது. ஆயிலு முள்ளு இதோ, இது மெதுவாத்தான் ஏறும்."

இரண்டாவது முள்ளும் ஏறியதும் சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு இறங்கிவிடுவார். கல்லைக் காயவைத்துவிட்டு தோசை ஊற்றாமல் போகிறவரை நான் அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

இதில் லாபம் அடைந்தவர் பக்கத்து வீட்டுப் பெரியம்மா மட்டும்தான். அவர்கள் வீட்டுக்குள் கன்னடம் பேசுவார்கள், எங்களிடம் தமிழ், பதற்றம் வந்தால் இரண்டும். மார்கழிக் குளிரில் இட்லி மாவு பொங்கவில்லை என்று தவித்துக்கொண்டிருந்தவர், மூன்றாம் நாள் மாவுக் குண்டானைத் தூக்கிவந்து சூடான பானெட்மேல் வைத்து, ஒரு சாக்கையும் போர்த்திவிட்டுப் போனார். சித்தப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை. பணக்காரருடைய கார்மேல் குண்டான்! சொந்தக் காராக இருந்தால் விடுவாரா என்று அதையும் குறித்துக்கொண்டேன்.

துப்புகள் சேர்ந்துகொண்டே போயின. காரின் மூக்கு எப்போதும் பாதையைப் பார்த்தே நின்றது. நம்பர் பிளேட்டில் அப்பியிருந்த சேற்றை அவர் துடைக்கவேயில்லை. மற்ற இடமெல்லாம் பளபளவென்று துடைத்திருந்தார். ரோட்டில் ஜீப் சத்தம் கேட்டால் தலை திரும்பும். எல்லாவற்றையும்விடப் பெரிய துப்பு, தினமும் மத்தியானம் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டிலிருந்து தார் ரோடு வரைக்கும் வண்டித்தடத்தில் கல் பொறுக்கினார், பள்ளம் நிரப்பினார், மேட்டைச் செதுக்கினார். தப்பி ஓடப் பாதை போடுகிறார்! வேறென்ன?

அம்மாவிடம் ரகசியமாகச் சொன்னேன். "அம்மா, சித்தப்பா அந்தக் கார திருடிட்டு வந்திருக்காரு."

அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "உங்க சித்தப்பா மேல பல்லி வுழுந்தாவே நாலு நாளு தூங்கமாட்டாரு. அவரா திருடப் போறாரு? போடா, போயி படி."

அப்பாவிடம் போகலாமென்றால், அவர் தம்பி இருக்கும் திசைப்பக்கமே பார்க்கவில்லை. ஒரே வீட்டில் ஏழு நாள். சாப்பிடும்போது கூட ஒருவர் எழுந்த பிறகுதான் இன்னொருவர் உட்கார்ந்தார். அப்பாவுக்கும் தெரிந்திருக்கிறது, வெளியே சொல்லமுடியாமல் தவிக்கிறார் என்று முடிவு கட்டினேன்.

ஏழாம் நாள் போலீஸ் ஜீப் ஒன்று தார் ரோட்டில் போனது. எங்கேயோ திருவிழாவுக்குப் போயிருக்கும்; எங்கள் பக்கம் திரும்பக்கூட இல்லை. ஆனால் சித்தப்பா வைக்கோல்போருக்குப் பின்னால் போய் நின்றதை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். திருட்டுப் பொருளை வைத்திருந்தால் வீட்டிலிருக்கிற எல்லோரையும் பிடித்துப் போவார்கள் என்று வகுப்பில் ஒருவன் சொல்லியிருந்தான். அப்பாவுக்கு விலங்கு, அம்மாவுக்கு விலங்கு, எனக்கு என் மணிக்கட்டு அளவுக்குச் சின்ன விலங்கு கிடைக்குமா என்றெல்லாம் யோசித்தேன். எருமையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்தபோது அழுகையே வந்துவிட்டது.

ஒரே வழிதான் இருந்தது. திருடன் தப்பக்கூடாது. தப்பாமல் பிடித்துக் கொடுத்தால் நம்மை விட்டுவிடுவார்கள்.

எட்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. சித்தப்பா வழக்கம்போலச் சூடேற்றி அணைத்துவிட்டு, சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு, பம்புசெட்டுக்குக் குளிக்கப் போனார். பெரியம்மா குண்டானை பானெட்மேல் வைத்துவிட்டுப் போனார். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தேன். எங்கே வைத்தாலும் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தோன்றியது. வாசலில் சுற்றிச் சுற்றி வந்தேன். கடைசியில் சாக்கைத் தூக்கி, மூடியைத் திறந்து, மாவுக்குள் போட்டேன். 'பொளக்' என்றுகூடச் சத்தம் வரவில்லை. உலகத்திலேயே புத்திசாலித்தனமான இடம். காரின் சாவி காரின் மேலேயே இருக்கிறது என்று எந்தத் திருடனுக்குத் தோன்றும்?

அந்தப் பெருமை எனக்குப் பத்து நிமிடம் நீடித்தது. அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. கூப்பிட்ட குரல் இல்லை, வேறு மாதிரி.

அப்பா ஓடினார். ஈரத் தலையோடு சித்தப்பா ஓடிவந்தார். பெரியம்மா உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, "நீர்க்கொடம் ஒடஞ்சிருச்சு! பேக, பேக! சீக்கிரம் வண்டிய எடு!" என்று கத்தினார். சித்தப்பா ஆணியில் தொங்கிய சட்டையில் கைவிட்டார். இன்னொரு பையில் கைவிட்டார். சட்டையை உதறினார்.

"சாவி... இங்கதான வெச்சேன். இங்கதான..."

காலிப் பைகளை மறுபடி வெளியே இழுத்துப் பார்த்தார். திருடன் மாட்டிக்கொண்ட பதற்றம் என்று அரை நொடி நினைத்தேன். மறு அரை நொடியில் அம்மா மறுபடி கத்தினாள். உண்மையைச் சொல்வதற்குப் பதிலாக நானும் சாவி தேட ஆரம்பித்தேன்! பாயைத் தூக்கிப் பார்த்தேன், எருமைக்கு அடியில் குனிந்து பார்த்தேன், வீட்டை மூன்று சுற்று ஓடினேன். என்னைவிட அக்கறையாக யாரும் தேடவில்லை.

மூன்றாவது சுற்றில் பார்த்தால், பெரியம்மா காருக்கு வழிவிட வேண்டுமென்று குண்டானைத் தூக்கிக்கொண்டு தன் வீட்டைப் பார்த்துப் போகிறார்.

"மாவு!" என்று கத்தினேன். "பெரியம்மா, மாவு! மாவு!"

பெரியம்மா திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே. "பெத்தவ வலியில துடிக்கறா, இவனுக்கு இட்லி கேக்குது! என்ன ஜென்மமோ, தேவரே, கடவுளே!"

ஓடிப்போய்க் குண்டானைப் பிடித்து, முழங்கை வரைக்கும் கையை விட்டு, துழாவி, சொட்டச் சொட்டச் சாவியை வெளியே எடுத்தேன். அப்பா என்னைப் பார்த்தார். சித்தப்பா சாவியைப் பிடுங்கி, கட்டியிருந்த ஈரத் துண்டில் துடைத்துக்கொண்டே, எட்டு நாளில் முதல் தடவையாக அப்பாவோடு பேசினார்.

"அண்ணா, அந்தப் பக்கம் தோளப் புடிங்க. சீட்ட சாச்சுட்டேன். மெல்ல எறக்குங்க."

அப்பா பிடித்தார். அவ்வளவு தாழ்வான காருக்குள் நிறைமாத அம்மாவைக் கிணற்றுக்குள் குடம் இறக்குவது போல மூன்று பேராக இறக்கினார்கள். சாவி திரும்பியதும் வண்டி பிடித்துக்கொண்டது. செதுக்கி வைத்திருந்த வண்டித்தடத்தில் ஒரு குலுக்கல் இல்லாமல் போய், தார் ரோட்டில் ஏறியதும் சத்தம் மட்டும்தான் மிஞ்சியது. இரண்டு சீட்டுக் காரில் அப்பாவுக்கு இடமில்லை. மொபெட்டை மிதித்துக் கிளப்பிக்கொண்டு பின்னாலேயே போனார்.

மத்தியானம் அப்பா திரும்பி வந்து, "தங்கச்சி பாப்பா" என்றார். கழுத்தில் கொடி சுற்றியிருந்ததாம். போனதும் ஆபரேஷன் செய்து எடுத்தார்களாம். இரண்டு பேரும் நலம். சாவி விஷயத்துக்கு அடி விழும் என்று மூலையில் நின்றேன். அப்பா என்னைப் பார்த்து, "முழங்கை வரைக்கும் வுட்டியேடா!" என்று கண்ணில் தண்ணி வரச் சிரித்தார். சித்தப்பா ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்று, நல்ல சேதி கேட்டதும் குழந்தையைக்கூடப் பார்க்காமல் காரை எடுத்துக்கொண்டு பெங்களூர் போய்விட்டார் என்று சொன்னார்.

எனக்குத் தெரியாத ஒன்றை அம்மா பல வருடம் கழித்து, என் மனைவியைப் பிரசவத்துக்குச் சேர்த்த அன்று, ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு சொன்னாள். எனக்கு ஏழு வயதில் அம்மாவுக்குக் காய்ச்சல் என்று சொல்லி என்னைப் பாலக்கோட்டில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் விட்டிருந்தார்கள். காய்ச்சல் இல்லை, பிரசவம். சித்தப்பா அப்போது வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். பனி கொட்டிய விடியற்காலையில், சூடேறாத வண்டியை அவசரத்தில் கிளப்பி, அது ஏரிக்கரை மேட்டில் நின்றுபோய், பிறகு கிளம்பவேயில்லை. ஆஸ்பத்திரி போய்ச் சேரும்போது எனக்கு வரவேண்டிய தம்பி இல்லை. அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லையாம். தம்பியோடு பேச்சையே நிறுத்திவிட்டாராம். "ஒரே ஒரு தடவ ஓட்டறதுக்குத்தான்டா அந்தக் காரக் கொண்டாந்தாரு" என்றாள் அம்மா.

இதெல்லாம் பத்து வயதில் எனக்கு எங்கே தெரியும்? அம்மாவும் பாப்பாவும் வீட்டுக்கு வந்து சில நாள் கழித்து, ஒரு சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி, ஒரு தகரப் பெட்டியும் சுருட்டிய படுக்கையுமாக வண்டித்தடத்தில் சித்தப்பா நடந்து வந்தார். முதலாளி சொன்ன நாளுக்கு முன்னாலேயே திரும்பி வந்துவிட்டார். கேட்காமல் காரை எடுத்துப் போனதற்கு, கேஸ் கொடுக்காமல் வேலையை விட்டு மட்டும் அனுப்பினார்.

கேட்காமல் எடுத்துப் போனார்! எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "நான் அப்பவே சொன்னனில்ல! திருட்டுக் காரு! அப்பவே சொன்னனில்ல!" என்று வாசலில் குதித்தேன்.

அப்பா விட்ட அறையில் காது ஙொய்யென்றது. அதற்கு முன்னாலும் பின்னாலும் அவர் என்னை அடித்ததே கிடையாது.

"வுடுங்கண்ணா. பையன் சொன்னது நெசந்தான" என்றார் சித்தப்பா.

அப்பா அந்தத் தகரப் பெட்டியைத் தம்பி கையிலிருந்து வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு உள்ளே போனார். உண்மையைக் கண்டுபிடித்தவனுக்கு அறை, திருடியவருக்குப் பெட்டி தூக்க ஆள். நான் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்று, இந்த வீட்டில் எல்லோரும் கூட்டு என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா பாப்பாவை நீட்டினாள். "வாங்குங்க தம்பி."

"இருங்க அண்ணி, கை சில்லுனு இருக்குது" என்று சொல்லிவிட்டு சித்தப்பா அடுப்புக்கு முன்னால் குந்தி, இரண்டு உள்ளங்கையையும் தணலில் காட்டினார். தேய்த்தார். கன்னத்தில் வைத்துப் பார்த்தார். போதாதென்று மறுபடி காட்டினார். அம்மா குழந்தையை நீட்டியபடியே நின்றாள். அப்பா அவசரப்படுத்தவில்லை; பக்கத்தில் உட்கார்ந்து ஒரு விறகைத் தள்ளிவிட்டார்.

ஒரு பிள்ளையைத் தூக்க எதற்கு இவ்வளவு நேரம்? என்னவோ நடக்கிறது என்று அதையும் சந்தேகமாகவே பார்த்தேன்.