கத்தினால் குறையும் குரல்

"எட்டு மணி நேரம் ஊரே என் காதுக்குள்ள வந்து கத்திட்டுப் போவுது. காதுக்கு மட்டும் ஒரு நாள் லீவு குடுங்கன்னா குடுக்க மாட்டேங்கிறாங்க!"

தருமபுரி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் லூர்துமேரி அக்கா இதைச் சொல்லாத ஷிஃப்ட் கிடையாது. அவர் தொடங்கினால் மீதியை அவர் குரலிலேயே நான் முடித்துவைப்பேன். "வாயாடி, டிரங்க் கால் வருது பாரு" என்பார்.

ஆனால் அக்கா செய்கிற ஒன்று மட்டும் எனக்கு வரவே இல்லை. லைனில் ஆள் கத்தக் கத்த அவர் குரல் இறங்கிக்கொண்டே போகும். என்ன சொல்கிறார் என்று கேட்கவாவது எதிராளி வாயை மூட வேண்டும். இரண்டு பேர் சேர்ந்து கத்தினால் போதும், நான் வயரை மாற்றிச் செருகுவேன். அக்காவுக்கு மூச்சுகூட வேகமாகாது.

எண்பத்து நாலாம் வருஷ மழையில் பெங்களூர் லைன்கள் பாதி படுத்துவிட்டன. அந்தம்மா பேசுவதே கேட்கவில்லை, வேலையில் தூங்குகிறார் என்று புளி மண்டி வெங்கடாசலம் அக்கா மேல் புகார் எழுதிப் போட்டார். சூப்பர்வைசர் தீர்த்தகிரி சார் வந்து நின்றார்.

"இன்னைக்கு நான் கூட ஒக்காந்து கேக்கறேன். சத்தமா பேசலைன்னா நாளைக்கே பில் செக்‌ஷனுக்குப் போயிருங்க."

வயர் செருகிக் கால் இணைக்கிற இந்த போர்டுதான் அக்காவுக்கு உயிர். அவர் முகம் சுண்டிப்போனது.

சார் ஹெட்செட்டை மாட்டினார். பக்கத்து போர்டிலிருந்து நானும் அதே லைனில் காது வைத்தேன். வந்தது வெங்கடாசலமேதான்.

"யம்மா! என் பெங்களூரு கால் என்னாச்சு? காலையில புக் பண்ணது! எல்லாரும் செத்துட்டீங்களா?"

"பாத்துட்டே இருக்கேனுங்க."

சத்தமாக, சத்தமாக என்று சார் கையைத் தூக்கிக் காட்டினார். அக்கா இன்னும் இறங்கினார். "ஒரு லைன்தாங்க ஓடுது..."

"என்னா? என்னா சொல்ற?"

"அடுத்தது உங்களுதுங்க."

"கேக்கல... சரி, மெதுவா சொல்லு." மண்டியே அதிரப் பேசுகிறவர், மாதா கோயிலில் பேசுகிற மாதிரி பேசினார்.

கொஞ்ச நேரத்தில் அக்கா வயரைச் செருகினார். "பெங்களூரு வந்துருச்சுங்க, பேசுங்க."

சார் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "பில் செக்‌ஷனுக்கு வேற ஆளப் பாத்துக்கறேன்மா. நீங்க இங்கயே இருங்க." எனக்கு விசிலடிக்கலாம் போலிருந்தது.

பேசி முடித்தும் வெங்கடாசலம் போனை வைக்கவில்லை. "யம்மா, உன் மேல சூப்பர்வைசருக்குப் புகார் எழுதிப் போட்டிருக்கேன், தெரியுமில்ல?"

"தெரியுமுங்க. சாரு எம் பக்கத்துலதான் ஒக்காந்திருக்காரு, லைன் குடுக்கட்டுங்களா?"