காற்றில்லாமல் சாய்ந்த நாணல்

மழை பிடித்துக்கொண்டால் எங்கள் பக்கம் பட்டாசுக் கம்பெனிகளுக்கு லீவு. அப்படியொரு நாளில், எனக்குச் சளி கட்டியிருந்ததால், ஆவி பிடிக்க நொச்சி இலை பறிக்கலாமென்று அம்மா கிளம்பினாள். நானும் தொற்றிக்கொண்டேன். தாயில்பட்டியிலிருந்து மாமா, அதாவது அம்மாவின் தம்பி, பைக்கில் எங்களை வைப்பாற்றுக்குக் கூட்டிப்போனார்.

வருஷத்தில் பாதி நாள் அது வெறும் மணல். ஓரத்தில் நாணல், அதையொட்டி நொச்சிப் புதர், அப்புறம் பெரிய பெரிய மருதமரங்கள். அவற்றுக்கும் கரைக்கும் இடையே ஒரு பள்ளம் ஓடும். அதில் இறங்கி ஏறித்தான் நொச்சிக்குப் போக வேண்டும். ஆற்றின் நடுவே ஒரு மணல்மேடு, அது முழுக்கச் சீமைக்கருவேலம்.

பை பாதி நிறைந்திருக்கும். காற்றே இல்லை, ஆனால் நாணல் சாய்ந்தது. அம்மா திரும்பிப் பார்த்தாள். எங்களுக்குப் பின்னால் பள்ளத்தில் செந்தண்ணீர் சுழித்துக்கொண்டிருந்தது. மேற்கே மலையில் பெய்த மழை எங்களை முந்தி வந்து கரைக்குத் திரும்பும் வழியை அடைத்துவிட்டது.

"அக்கா, மேட்டுக்கு ஓடிருவோம். அதுதான் ஒசரம்," என்றார் மாமா.

"போன வெள்ளத்துல ஒதுங்குன மணலுதான அது. கரைஞ்சிரும். மரத்துல ஏறு."

மருதமரத்தின் கிளைகளில், ஆள் உயரத்துக்கும் மேலே, பழைய வெள்ளம் விட்டுப்போன வைக்கோலும் கிழிந்த சாக்கும் தொங்கின. அவற்றையும் தாண்டி ஏறச் சொன்னாள் அம்மா. மாமா என்னைத் தோளில் வைத்துத் தூக்கினார். கவட்டையில் உட்காரவைத்து, அம்மா தன் சேலையை உருவி என்னை மரத்தோடு கட்டினாள். பாவாடையும் ரவிக்கையுமாய், சேலையின் ஒரு முனையை மட்டும் இறுகப் பிடித்தபடி பக்கத்துக் கிளையில் நின்றாள்.

"சேலைய விட்டுட்டு என்னயப் பிடிம்மா," என்று அழுதேன்.

"ஒன்னயத்தான் பிடிச்சிருக்கேன், தாயி."

மேடு எங்கள் கண்ணெதிரே விண்டது. சீமைக்கருவேலங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, முள்தெப்பமாக எங்கள் மரத்தின் மேல் வந்து மோதின. மரம் அதிர்ந்தது. மாமா கீழ்க்கிளைக்கு இறங்கி, முள் கிழிக்கக் கிழிக்க, காலால் உந்தி அதைத் திருப்பிவிட்டார். அடியில் வேர் முறிகிற சத்தம் கேட்கிறதா என்று மூவரும் மூச்சடக்கிக் கேட்டோம். தண்ணீரின் இரைச்சல் மட்டுமே கேட்டது.

பொழுது சாய்கையில் வெள்ளம் வடிந்தது. படுத்துக் கிடந்த நாணல் சேறு பூசிக்கொண்டு நிமிரத் தொடங்கியிருந்தது. கரையிலிருந்து ஆட்கள் கயிறோடு வந்தார்கள்.

அம்மா கையிலிருந்த முனையை ஒரு சுண்டு சுண்டினாள். கட்டு மொத்தமும் அவிழ்ந்து விழுந்தது. இவ்வளவு லேசான முடிச்சிலா இத்தனை நேரம் இருந்தேன் என்று எனக்குக் கோபம் வந்தது.

"அம்மாக்கு முடிச்சே போடத் தெரியல மாமா," என்று வீடு வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தேன். மரம் சாய்ந்தால் நானும் அதோடு போய்விடாமல், ஒரே இழுப்பில் என்னை விடுவித்துக்கொள்ளத்தான் அம்மா அப்படிக் கட்டினாள் என்பதும், அந்த மரம் நிற்குமா என்று அவளுக்கே தெரியாது என்பதும் எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை.