வெளியே தொங்கிய பூட்டு

இஸ்லாமாபாத்தில் ஒரு விருந்தினர் விடுதியின் இரண்டாம் மாடியில், வெளிப்புறம் பூட்டுத் தொங்கிய ஓர் அறைக்குள், ஒரு பெண்ணும் அவளுடைய இரண்டு மகள்மாரும் பகல் முழுவதும் ஓசையின்றி இருந்தார்கள். அந்தப் பூட்டைப் பற்றிய யோசனை லண்டன் ஹவுன்ஸ்லோவில் எங்கள் வீட்டுச் சமையலறையிலிருந்து போனது.

பல்கலைக்கழகப் படிப்பு முடிந்தபின் நான் ஒரு சிறிய ஆலோசனை நிலையத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். ஆப்கானிஸ்தானில் பிரித்தானியப் படைகளுடன் பணியாற்றியவர்களின் குடும்பங்களை இங்கே அழைத்துவர, அலுவலகங்களுக்கும் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கும் எழுதுவது என் பொறுப்பு. அந்தப் பெண்ணின் கணவர் ஹெல்மண்டில் படையினரின் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். காபூல் வீழ்ந்த நாட்களில் அவர் விமான நிலையத்துக்குள் போய், லண்டனுக்கு வந்துவிட்டார். மனைவியும் பிள்ளைகளும் வாசலில் கூட்டத்தால் பின்னே தள்ளப்பட்டார்கள்.

குடும்பம் வந்து சேரலாம் என்று இங்கே கொள்கையளவில் ஒப்புக்கொண்டிருந்தார்கள். ஆனால் விசாவுக்கு முன் மனைவி கைரேகை கொடுக்க வேண்டும். காபூலில் அதற்கு இடமில்லை. எனவே அவர் பிள்ளைகளுடன் எல்லை கடந்து பாகிஸ்தானுக்குப் போனார். கைரேகைக்கு அழைப்பு வருவதற்குள் பாகிஸ்தான் விசா காலாவதியாயிற்று. அதன்பின் அங்கே, விசா இல்லாத ஆப்கானியரைத் தேடி பொலிஸ் வான்கள் தெருத்தெருவாக வரத் தொடங்கின. பிடிபட்டவர்கள் எல்லைக்கு அப்பால் அனுப்பப்பட்டார்கள். அப்பால் கணவருடைய பெயரை விசாரித்துக்கொண்டு தலிபான் ஆட்கள் முன்பே இரண்டு உறவினர் வீடுகளுக்கு வந்துபோயிருந்தார்கள்.

ஒரு சனிக்கிழமை நிலையத்தில் ஹீட்டர் பழுதானதால், கையெழுத்துக்காக அந்தக் கணவரை எங்கள் வீட்டுக்கு வரச் சொன்னேன். அம்மா ரோல்ஸ் பொரித்து வைத்து, இறைச்சி ஹலால் கடையில் வாங்கியது என்பதை முதலில் சொல்லும்படி என்னிடம் கூறினார். பிறகு குடும்பத்தைப் பற்றி விசாரித்தார். அம்மாவின் ஆங்கிலம் வேலைத்தலத்துக்குப் போதுமான ஆங்கிலம். அவருடையதோ இராணுவத்தில் பழகிய, சுருக்கமான ஆங்கிலம். இருவருக்கும் இடையில் நான் இருந்தேன்.

"மொழிபெயர்ப்பாளருக்கே ஒரு மொழிபெயர்ப்பாளரோ?" என்று அம்மா சிரித்தார். அதை நான் ஆங்கிலத்தில் சொன்னதும் அவரும் சிரித்தார். இத்தனை வருடம் வேலை செய்தும் தனக்கு ஒருவரும் ரோல்ஸ் தந்ததில்லை, எனக்குக் கூலி அதிகம் என்றார்.

வான்களைப் பற்றி அவர் சொல்லத் தொடங்கியபோது அம்மாவின் கை தட்டின்மேல் நின்றுவிட்டது.

"கதவை உள்ளுக்குப் பூட்டினால் உடைப்பாங்கள், தம்பி. வெளியாலை பூட்டச் சொல்லுங்கோ."

லண்டனுக்கு வருமுன் அம்மா கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் மாதக்கணக்கில் காத்திருந்தார் என்பது எனக்குத் தெரியும். தமிழரைத் தேடிச் சுற்றிவளைப்பு நடக்கும்போது மனேஜர் அறைகளை வெளியே பூட்டிவிடுவார் என்பதும், பொலிஸ்காரர் பூட்டைப் பார்த்து ஆளில்லையென்று கடந்துபோகும்வரை உள்ளே பெண்கள் தங்கள் வாயைத் தாங்களே பொத்திக்கொண்டு இருந்தார்கள் என்பதும் அன்றுதான் தெரிந்தது. அதை அவர் என்னிடம் சொன்னதில்லை. ஓர் அந்நியரிடம், தேநீர் ஊற்றுவதற்கிடையில் சொன்னார்.

நான் உடனே மொழிபெயர்க்கவில்லை. தீப்பிடித்தால் எப்படி வெளியே வருவார்கள் என்று அம்மாவிடம் கேட்டேன்.

"நெருப்பு வந்தால் பாப்பம். பொலிஸ் வாறது நிச்சயம். நீ சொல்லு, பிள்ளை."

சொன்னேன். என் அச்சத்தையும் சேர்த்தே சொன்னேன். அவர் இரண்டையும் கேட்டுவிட்டு, விடுதியைப் பார்த்துக்கொள்ளும் முதியவர் நம்பக்கூடியவர் என்றார். மறுநாளே பூட்டுத் தொங்கியது. முதியவர் காலையில் பூட்டி, இருட்டியபின் சாப்பாட்டுடன் வந்து திறப்பார். பகலில் தொலைபேசியையும் அணைத்துவைத்தார்கள். இளைய மகள் தலையணைக்குள் முகம் புதைத்து இருமப் பழகினாள்.

அடுத்த வாரம் வான் வந்தது. நடைவழியில் காலடிகள் கேட்டன; பக்கத்து அறைக் கதவு திறந்தது; ஒரு பெண் அழுதாள். பிறகு ஒரு கை இவர்களுடைய பூட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு நழுவவிட்டது. பூட்டு மரத்தில் மோதிய அந்தச் சத்தத்தைத்தான் மனைவி திரும்பத் திரும்பச் சொன்னாராம். பக்கத்து அறைக் குடும்பத்தைப் பற்றி அதன்பின் ஒரு தகவலும் இல்லை. அம்மா செய்தியைக் கேட்டுத் தலையை மட்டும் ஆட்டினார். நான் மகிழ்ந்தேன். ஆனால் அந்த மகிழ்ச்சிக்குள் ஏதோ சரியில்லை என்ற உணர்வும் இருந்தது. அது எதுவென்று அப்போது எனக்குப் பிடிபடவில்லை.

சில நாட்களில் விசா அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. கைரேகைக்கு அழைத்துச் செல்ல வாகனம் அனுப்பப்பட்டதாகவும், தொலைபேசி இயங்கவில்லை என்றும், அறை பூட்டிக் கிடந்தது என்றும் அதில் இருந்தது. குடும்பம் அந்த முகவரியில் இல்லாததால் கோப்பு ஒதுக்கிவைக்கப்படுகிறது. அந்த வாகனத்துக்காகவே நாங்கள் மாதக்கணக்கில் எழுதிக்கொண்டிருந்தோம். வந்த பணியாளரைக் குறைசொல்ல எனக்கு வழியில்லை. பொலிஸ்காரர் பார்த்ததையே அவரும் பார்த்தார். பொலிஸ்காரர் நம்பியதையே அவரும் நம்பினார்.

உண்மையை எழுதினால் அது எத்தனை கைகளுக்குப் போகும் என்பதை யோசித்தேன். இங்கிருந்து அங்குள்ள ஒப்பந்தக்காரருக்கு, அவரிடமிருந்து சாரதிக்கு, சாரதியிடமிருந்து அந்தத் தெருவுக்கு. அதே விடுதியில் இன்னும் எத்தனை கதவுகள் வெளியே பூட்டியிருந்தன என்பது எனக்குத் தெரியாது. எழுதாவிட்டால் கோப்பு மூடியே கிடக்கும். இறுதியில், பாராளுமன்ற உறுப்பினரின் அலுவலகம் வழியாக ஓர் அதிகாரியின் தொலைபேசி இலக்கத்தைப் பெற்று, வாய்மொழியாக மட்டும் விளக்கினேன். அவர் களைத்த குரலுடைய பெண், இரக்கமற்றவர் அல்ல. இன்னொரு தடவை ஆள் அனுப்பலாம் என்றார். வரும் வாரத்தில் ஏதோ ஒரு பிற்பகல். எந்த நாள் என்று முன்கூட்டிச் சொல்ல ஏலாது. தாயும் பிள்ளைகளும் அறையில் இருப்பது நேரில் உறுதியானால் கோப்பு திறக்கப்படும்.

ஆகவே அந்த வாரம் பூட்டு இருக்கக்கூடாது. கதவு தட்டப்பட்டால் திறக்க வேண்டும். தட்டுவது யாராகவும் இருக்கலாம்.

வருபவர் ஏதாவது அடையாளமாகத் தட்டலாமா என்று கேட்டேன். உள்ளூர்ப் பணியாளருக்கு அப்படி அறிவுறுத்தும் அதிகாரம் தமக்கு இல்லை என்றார் அந்தப் பெண்.

"தட்டுறதுக்கும் பெர்மிஷனோ?" என்றார் அம்மா. சிரிக்கவில்லை.

அங்கே பிற்பகல், எங்களுக்குக் காலை. கணவர் தம் வேலைத்தலத்தில் ஷிப்ட்டை மாற்றிக்கொண்டு, நான் நிலையத்தைத் திறப்பதற்கு முன்பே வாசலில் நின்றார். மேசைமேல் தொலைபேசியை வைத்து இணைப்பைத் துண்டிக்காமல் இருந்தோம். அதிலிருந்து மின்விசிறியின் சத்தமும், சில வேளை மூத்தவள் தங்கைக்கு ஏதோ முணுமுணுப்பதும் கேட்டன. கீழே பஸ்கள் போயின. விமானங்கள் கூரைக்கு மேலே தாழ்ந்து இறங்கின. திங்கள் போயிற்று. செவ்வாயும் புதனும் போயின.

வியாழனன்று கதவு தட்டப்பட்டது.

மின்விசிறியை யாரோ நிறுத்தினார்கள். மீண்டும் தட்டினார்கள், இம்முறை பலமாக. பிறகு மனைவியின் கிசுகிசுப்பு, தொலைபேசிக்கு மிக அருகில். கணவர் என்னைப் பார்க்கவில்லை. ஆயினும் பழக்கம் விடவில்லை. கேட்டதை அப்படியே ஆங்கிலத்தில் எனக்குச் சொன்னார்.

"யாருக்குத் திறக்கிறேன் என்று கேட்கிறாள்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். தொலைபேசியை நோக்கிக் குனிந்து ஒரே ஒரு சொல் சொன்னார். அதை அவர் மொழிபெயர்க்கவில்லை.

தாழ்ப்பாள் விலகிற்று. ஓர் ஆணின் குரல். அந்தக் குரல் இலக்கங்களை ஒவ்வொன்றாக வாசித்தது. எங்கள் கோப்பின் இலக்கம். அவர் நாற்காலியில் பின்னே சாய்ந்து, இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். வந்தவர் மூவரையும் கதவருகே நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் கோப்பு திறக்கப்பட்டதாக அறிவித்தார்கள். கைரேகைக்கான திகதி பின்னர் தெரிவிக்கப்படும்.

படம் எடுத்த அந்த வியாழன் மாலை விடுதி முதியவர் சாப்பாட்டுடன் வந்தபோது, இனிமேல் பூட்டுப் போடமாட்டேன் என்று மரியாதையாகச் சொல்லியிருக்கிறார். ஆளில்லாத அறையென்று எல்லோரும் நினைத்த அறையிலிருந்து மூன்று பேர் வெளியே வந்து படத்துக்கு நின்றதை நடைவழியே பார்த்துவிட்டது. வாசலில் நின்ற வாகனத்தைத் தெருவும் பார்த்தது. அடுத்த முறை பூட்டைத் தூக்கிப் பார்க்கும் கை அதை அப்படியே விட்டுப் போகாது என்றாராம். பிறகு, அந்த வாரம் முழுவதும் சும்மா கிடந்த பூட்டை எடுத்துத் தம் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

இதை எழுதும் இன்றுவரை திகதி வரவில்லை. நான் அந்த அதிகாரிக்கு எழுதுகிறேன். கோப்பு பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வருகிறது. நான் வீட்டுக்குள் நுழையும்போது அம்மா "கார் வந்ததோ?" என்று மட்டும் கேட்பார். இல்லை என்பேன். அவர் அடுப்பின் பக்கம் திரும்பிவிடுவார்.

இந்தக் காலையும் கணவர் நிலையத்துக்கு வந்து தொலைபேசியை மேசைமேல் வைத்தார். கதவு இப்போது உள்ளே மட்டும் தாழிடப்பட்டிருக்கிறது. பக்கத்து அறைக்குப் புதிதாக யாரோ வந்திருக்கிறார்கள், யாரென்று தெரியவில்லை. சிறிது நேரத்துக்குப்பின் இளையவளின் குரல் கேட்டது. பூட்டு இல்லைதானே, இனி இருமலாமா என்று கேட்கிறாள் என்றார்.

என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"இன்னும் இல்லை என்று."