திரும்பி வந்த முந்நூற்று நாற்பது சென்சார்கள்

கம்பெனியில் அவளை எல்லோரும் இருட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இருபது வருடமாக அவளுக்கு இருட்டறையில்தான் வேலை. இரண்டு கதவுகள், நடுவில் கறுப்புத் திரை, உள்ளே ஒரு மேசை. கண்ணுக்கே தெரியாத மங்கல் வெளிச்சத்தையும் உணரும் சென்சார்களை ஒவ்வொன்றாகப் பொருத்தி, திருகாணியைத் திருப்பிக்கொண்டே இருப்பாள். முழு இருட்டில் மீட்டரின் ரீங்காரம் நின்றால், வெளிச்சமே இல்லை என்ற பூஜ்யம் வந்துவிட்டது என்று அர்த்தம். அந்தப் பூஜ்யம் பிசகினால் ரத்தப் பரிசோதனைக் கருவி பொய் சொல்லும்.

கம்பெனியின் இருபதாம் ஆண்டுக்குச் சின்னதாக ஒரு வரலாற்றுப் புத்தகம் போடுகிறார்கள். எழுதுபவள் முதலாளியின் மகள். சாப்பாட்டு இடைவேளையில் தாள்களோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"கார் ஷெட்ல மூணு பேரா ஆரம்பிச்சீங்களாமே? அப்பா, நீங்க, சால்டரிங் பண்ற புகையக்கா."

"ஆமா பாப்பா. முதல்ல செஞ்ச தெருவிளக்கு சென்சார் பட்டப்பகல்ல விளக்கைப் போட்டுச்சு. 'சூரியனுக்கே டார்ச் அடிக்கிறீங்களா'ன்னு தெருவே சிரிச்சுது."

மகள் சிரித்துக்கொண்டே அடுத்த தாளை எடுத்துப் படித்தாள். "ஏழாம் ஆண்டில், ஓர் ஊழியரின் சால்டரிங் கோளாறால் முந்நூற்று நாற்பது சென்சார்கள் திரும்பி வந்தன. அவர் விலகியபின் தரம் சீரானது. சரிதானேக்கா?"

இருட்டக்கா எடுத்த கவளத்தை டப்பாவிலேயே திரும்ப வைத்தாள்.

அந்த வருடம் கணவன் அவளுக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கித் தந்திருந்தான். முட்கள் இருட்டில் பச்சையாக ஒளிரும். இருட்டறைக்குள் மணி பார்க்க வசதி என்று ஆசையாகக் கட்டிக்கொண்டு போனாள். சென்சார்கள் திரும்பி வந்த வாரத்தில் ஒருநாள், ரீங்காரம் நின்றபின் சட்டைக் கை தற்செயலாகக் கடிகாரத்தின் மேல் இறங்கியது. ரீங்காரம் மறுபடி கேட்டது. கையை மேலே இழுத்தாள், நின்றது. மூடினாள், கேட்டது. அத்தனை நாளும் கடிகாரத்தின் வெளிச்சத்தையும் சேர்த்தே பூஜ்யம் என்று நிறுத்தியிருக்கிறாள்!

வெளியே வந்தபோது புகையக்கா தன் சாப்பாட்டு டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். "வரேன்டீ இருட்டு. என் கைதான் சரியில்லையாம்" என்றாள். இருட்டக்காவின் வீட்டில் அப்போது அவளுடைய சம்பளம் மட்டும்தான். வாயைத் திறக்கவில்லை. கடிகாரத்தைக் கழற்றி அலமாரிக்குள் போட்டாள். அடுத்த முறை போன சென்சார்களில் ஒன்றுகூடத் திரும்பவில்லை. "பாத்தீங்களா, அந்தம்மா போனதும் சரியாயிடுச்சு" என்றார்கள். அதுதான் பதின்மூன்று வருடமாக அவளை அரித்துக்கொண்டிருக்கிறது.

"சரியில்ல பாப்பா" என்றாள் இப்போது. "அது என்னால வந்தது."

கேள்விப்பட்ட முதலாளி தலையைச் சொறிந்தார். "பழைய கதை. அந்த வரியவே எடுத்துடலாம், விடுங்க."

"எடுக்கக் கூடாது சார். என் பேரைப் போட்டு மாத்தி எழுதுங்க."

அன்று மாலையே இரண்டு பஸ் மாறிப் போனாள். கடைத்தெருவின் கோடியில் புகையக்கா மிக்ஸி ரிப்பேர் கடை வைத்திருந்தாள். கண்ணாடிக்கு மேல் ஒரு பூதக்கண்ணாடி. பழையபடியே முகத்தைச் சுற்றிப் புகை.

"யாரு, இருட்டா? வெளிச்சத்துல உன்னைப் பாத்தா அடையாளமே தெரியலடீ!"

உட்காராமலே எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள் இருட்டக்கா. கடிகாரத்தையும் மேசைமேல் வைத்தாள். புகையக்கா அதை உள்ளங்கையால் மூடி, விரலிடுக்கு வழியாகப் பார்த்தாள். பச்சை இன்னும் இருந்தது.

"இதுவா?"

"இதுதான்க்கா."

புகையக்கா பாதி முடித்த மோட்டாரைப் பக்கத்தில் இழுத்து, அப்போதுதான் பற்றவைத்திருந்த இணைப்பைப் பூதக்கண்ணாடியில் பார்த்தாள். நகத்தால் சுரண்டி மறுபடியும் பார்த்தாள்.

"அங்கேயிருந்து வந்ததுலேருந்து இப்படித்தான். ஒவ்வொண்ணையும் ரெண்டு தடவ பாப்பேன். எங்க வீட்டுக்காரர்கூடக் கிண்டல் பண்ணுவார்." குனிந்த தலையை அவள் நிமிர்த்தவில்லை. "இனிமே ஒரு தடவ பாத்தா போதும், இல்ல?"

இருட்டக்கா தலையாட்டினாள். அதற்குள் புகையக்கா அதே இணைப்பை மூன்றாவது தடவையாகப் பார்க்கத் தொடங்கியிருந்தாள்.