மகளுக்காக நான் ஏறிப் பார்த்த பின் சீட்

இதை எழுத வேண்டும் என்று நினைத்துப் பேனாவை எடுத்து, மறுபடியும் மூடி வைத்த தடவைகள் அதிகம். அப்படியே வருஷங்கள் போய்விட்டன. மகளுடைய கதையை வாப்பாவே தெருவில் போட்டான் என்று ஆகிவிடுமோ என்ற பயம் ஒரு பக்கம். எட்டாம் ஆண்டோடு படிப்பை விட்டவன் எழுதுவதை யார் வாசிக்கப் போகிறார்கள் என்ற வெட்கம் இன்னொரு பக்கம். கடைசியில் மகளிடமே கேட்டேன்.

"எழுதுங்க வாப்பா. நீங்க எழுதாட்டியும் ஊர்ல சொல்லிக்கிட்டுத்தானே இரிக்காங்க," என்றாள்.

அதனால் எழுதுகிறேன். அல்லாஹ் என் கையைப் பொய்யிலிருந்து காப்பாற்றட்டும்.

நான் உக்குவளைப் பக்கம் வீடு வீடாகப் போய்ப் பாக்கு, மிளகு, கராம்பு வாங்கி, மாத்தளை டவுனில் உள்ள கடைகளுக்குக் கொடுக்கிறவன். என்னிடம் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் இருக்கிறது. அதன் பின் சீட்டில் மனிதர் ஏறிய நாளைவிட மூட்டை ஏறிய நாள்தான் அதிகம். எங்களுக்கு ஒரே மகள். ஊர் நேசரியில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறாள். காலையில் கலர்த் தாள்களையும் பசைப் போத்தலையும் பையில் போட்டுக்கொண்டு அவள் புறப்படுகிற நேரத்தில் அவள் முகத்தைப் பார்த்தால், அது எவ்வளவு பெரிய உத்தியோகம் என்று எனக்கே தோன்றும்.

அவளைப் பெண் பார்க்க ஏற்கெனவே சில குடும்பங்கள் வந்து போயிருந்தன. வந்தவர்கள் தேத்தண்ணி குடித்தார்கள், வட்டிலப்பம் சாப்பிட்டார்கள், "சொல்லி அனுப்புறோம்" என்று போனார்கள். சொல்லி அனுப்பவில்லை. அதற்குப் பிறகு வந்தவர்கள்தான் இந்தக் குடும்பம். மாப்பிள்ளை டவுனில் ஃபோன் திருத்துகிற கடையில் வேலை. தொழுகிற பிள்ளை, வெற்றிலை சிகரெட் எதுவும் இல்லை. அவருடைய உம்மா மகளைப் பார்த்ததுமே பக்கத்தில் இருத்தித் தலையைத் தடவினார். என் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது.

பேச்சு நல்லபடியாகப் போனது. மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்கிற மஹர் எவ்வளவு என்று அவர்களே சொன்னார்கள். எழும்பிப் போகிற நேரத்தில், வாசலில் செருப்பைக் காலால் தேடிக்கொண்டே அந்த உம்மா, என்னை அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிட்டுச் சொன்னார்:

"நாங்க சீதனம் ஒண்டும் கேக்கல்ல நானா. அதெல்லாம் ஹராம். ஒரு பைக் மட்டும் இரிந்தா உங்கட மகளுக்குத்தான் லேசு. காலைல நேசரில விட்டுட்டு இவன் அப்பிடியே கடைக்குப் போயிருவான். இவனுக்கு அந்த ஸ்போர்ட்ஸ் மாதிரி வண்டிதான் ஆசை. ஆனா புள்ளைக்கும் இரிக்க வசதியா இரிக்கணும். பாத்துச் செய்ங்க."

மாப்பிள்ளை கீழே பார்த்துச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

எங்கள் பள்ளிவாசலில் சீதனத்தைப் பற்றி வெள்ளிக்கிழமைக் குத்பாவில் பேசாத வருஷம் இல்லை. பெண்ணுக்குக் கொடுத்துக் கலியாணம் முடிப்பதுதான் மார்க்கம், பெண் வீட்டில் வாங்கி முடிப்பது ஆண்மை இல்லை என்று மௌலவி மிம்பரில் நின்று சொல்லும்போது எல்லோரும் தலையாட்டுவார்கள். தொழுது முடித்து வெளியே வந்து, செருப்பைப் போடுகிறபோதே பக்கத்தில் நிற்பவரிடம் கேட்பார்கள்: "உங்கட மருமகனுக்கு என்ன பைக்?" சீதனம் என்ற சொல்லைத்தான் ஊரில் விட்டிருக்கிறோம். அதற்குப் பதிலாக 'மகளுக்கு லேசு' என்று சொல்லக் கற்றுக்கொண்டிருக்கிறோம்.

பணத்தைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. கஷ்டப்பட்டால் வாங்கலாம் என்ற நிலைமை. அதுதான் தொல்லை. ஏலாது என்றால் ஏலாது என்று சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். வாங்க ஏலும் என்கிறபோதுதான் மனிதனுக்கு மனச்சாட்சியோடு பேச வேண்டியிருக்கிறது. மகள் ஆசைப்பட்ட இடம், பையனும் நல்ல பையன், அவளும் நடக்காமல் வேலைக்குப் போவாள், அன்பளிப்பு என்று நினைத்துக் கொடுத்தால் என்ன என்று ஒரு மனம். கேட்டு வாங்குவது எப்படி அன்பளிப்பாகும் என்று இன்னொரு மனம்.

இஸ்திகாரா தொழுதேன். ஒரு காரியத்தில் வழி தெரியாதபோது இரண்டு ரக்அத் தொழுது, எது நல்லதோ அதை லேசாக்கித் தா என்று அல்லாஹ்விடம் கேட்பது. எங்கள் ஊரில் அதற்குப் பிறகு கனவு வர வேண்டும் என்று காத்திருப்பார்கள். வெள்ளை, பச்சை கண்டால் நல்லது. கறுப்பு, சிவப்பு கண்டால் விட்டுவிட வேண்டும். கிதாபில் அப்படி இல்லை என்று மௌலவி எத்தனையோ தடவை சொல்லிவிட்டார். ஆனாலும் என் மனைவி காலையில் தேத்தண்ணியோடு வந்து முகத்தைப் பார்ப்பாள்.

"ஏதாச்சும் கண்டீங்களா?"

"கண்டேன். பாக்கு மூட்டை."

"அது எந்தக் கலர்ல சேரும்?"

"சாக்குக் கலர்ல."

"விளையாடாதீங்க," என்று தேத்தண்ணியைத் தொப்பென்று வைத்துவிட்டுப் போவாள்.

அவள்தான் பிறகு ஒரு யோசனை சொன்னாள். அந்தக் காலத்தில் புது மோட்டார் சைக்கிள் இறக்குமதியை அரசாங்கம் நிறுத்தியிருந்தது. பாவித்த வண்டிதான் எடுக்க வேண்டும். டவுனில் வாகனம் விற்கிற இடத்தில் ஒன்று நிற்கிறது, பார்க்க வாங்க மாமா என்று மாப்பிள்ளை ஃபோன் எடுத்திருந்தார்.

"போய்ப் பாருங்க. முடிவ பொறகு எடுப்போம். ஆனா சும்மா டயரைத் தட்டிப் பாத்துட்டு வரவாணாம். மகளுக்கு நிக்காஹ் முடியாம அவரோட ஏறிப் பாக்க ஏலா. அவளுக்குப் பதிலா நீங்க ஏறி இரிந்து பாருங்க. ஆம்புள இரிக்கிற மாதிரி இல்ல, ரெண்டு காலையும் ஒரு பக்கமாப் போட்டு. அபாயா உடுத்த புள்ள அப்பிடித்தானே இரிக்கும்?"

எனக்கு அது சரியாகவே பட்டது. வேறு எந்த ஊரிலாவது ஒரு வாப்பா இப்படி மகளுடைய இடத்தில் ஏறி இருந்து பார்த்திருப்பாரோ தெரியாது.

வண்டி அழகான வண்டிதான், பொய் சொல்லக் கூடாது. பெட்ரோல் டாங்கி காளையின் திமில் மாதிரி முன்னுக்குத் தள்ளி நின்றது. விற்கிறவர் அதைத் தடவிக்கொண்டே, "ஒரு சேர் பாவிச்ச வண்டி. இஸ்கூலுக்கும் வீட்டுக்கும் மட்டும்தான் ஓடியிரிக்கி," என்றார். விற்கிற வண்டியெல்லாம் ஒரு வாத்தியார் பாவித்ததுதான். ஓட்டுகிறவர் இருக்கிற இடம் பஞ்சு மாதிரி அகலமாக இருந்தது. பின் சீட் அதைவிட உயரத்தில், ஒடுக்கமாக, முன்னுக்குச் சரிந்து இருந்தது. பிடிக்கக் கம்பி இல்லை. சக்கரத்தில் உடுப்புச் சிக்காமல் பக்கத்தில் போடுகிற காப்பும் இல்லை.

"அது போட்டா லுக் போயிரும் மாமா," என்றார் மாப்பிள்ளை.

நான் சாரத்தை இழுத்துச் சொருகிக்கொண்டு, இரண்டு காலையும் ஒரு பக்கமாகப் போட்டு ஏறி இருந்தேன். அங்கே நின்ற முச்சக்கர வண்டிக்காரர் ஒருவர், "நானா, மணவாட்டி மாதிரி இரிக்கீங்களே!" என்று கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்தார். நானும் சிரித்தேன் என்றுதான் நினைவு.

ரத்தோட்டை ரோட்டில் போனோம். அவர் நன்றாக ஓட்டுகிறவர், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வளைவுக்கு வளைவு பிரேக் பிடிக்கும்போது நான் வழுக்கிப் போய் அவர் முதுகில் மோதினேன். பிடிக்க எதுவும் இல்லாததால் அவருடைய சட்டையைப் பிடித்தேன். காற்றில் சாரம் அடித்து அடித்துச் சக்கரத்துப் பக்கம் போனது. "மகன், கொஞ்சம் மெல்லமா," என்றேன். கேட்கவில்லை போலிருக்கிறது. "இதுல ரிவர்ஸ்டன் மலைக்கு ஏறணும் மாமா! கூட்டாளிமாரோட! பனிக்குள்ளால!" என்று முன்னால் பார்த்துக்கொண்டே கத்தினார். அவர் சந்தோஷத்தைப் பார்க்க எனக்கு ஒரு நிமிஷம் ஆசையாகக்கூட இருந்தது. ஆசைப்பட்ட பொருள் கையில் வருகிறபோது மனிதர் எல்லோரும் அப்படித்தான்.

ரோட்டோரத்தில் ஒரு தேத்தண்ணிக் கடையில் நிறுத்தச் சொன்னேன். பிளேன்ட்டீ இரண்டு எடுத்தோம். அவருக்கு வருத்தம் வராதபடி மெதுவாகச் சொன்னேன்:

"வண்டி நல்லம் மகன். ஆனா காலைல நேசரிக்கு அவளக் கொண்டு விடுறப்போ இந்த வேகம் வாணாம். அவ இப்பிடி ஒரு பக்கமாத்தான் இரிப்பா."

அவர் கோப்பையை வாயிலிருந்து எடுத்தார்.

"எந்த நேசரி மாமா?"

"அவ படிப்பிக்கிற நேசரி."

"கலியாணத்துக்குப் பொறகும் போறதா?" என்று கேட்டார். நடிப்பு இல்லை, உண்மையான ஆச்சரியம். "உம்மா உங்களுக்குச் சொல்லல்லியா? உம்மாக்குக் கால் ஏலா. வீட்டுக்கு ஆள் ஒண்டு வேணுமே. நேசரிய விடுறதாத்தானே பேச்சு."

எங்களிடம் அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை. காலையில் நேசரியில் விடுவான் என்று வாசலில் அவருடைய உம்மா சொன்னதை அவர் வெறும் வாய்ப்பேச்சாகத்தான் எடுத்திருக்கிறார்.

"அப்ப இந்த பைக் யாருக்கு மகன்?"

"எனக்குத்தானே மாமா." பெருநாள் உடுப்பைக் காட்டி இது என்னுடையது என்று சொல்கிற பிள்ளை மாதிரிச் சொன்னார். "அவளையும் ஏத்துவேன்தானே. பெருநாளைக்கு, கலியாண வீட்டுக்கு, அப்பிடி எப்பவாச்சும்."

கெட்ட எண்ணம் எதுவும் அந்த முகத்தில் இல்லை. அதைத்தான் என்னால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை. ஒருவன் ஏமாற்றினால் கோபப்படலாம். ஒரு பெண்ணுடைய விருப்பம் என்ற ஒன்று இருக்கிறது என்றே தெரியாத பிள்ளையிடம் எப்படிக் கோபப்படுவது? நான் தேத்தண்ணிக்குக் காசு கொடுத்துவிட்டு, பஸ்ஸில் வருகிறேன் என்று சொல்லி அவரை அனுப்பினேன்.

வீட்டுக்கு வந்து மனைவியையும் மகளையும் முன்னால் இருத்தி, நடந்ததை நடந்தபடி சொன்னேன். மகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப வாணாம்" என்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சொன்னது வேறு.

"வாங்கிக் குடுங்க வாப்பா."

"நேசரி?"

"விட்டுருவேன்."

"ஏன் மகள்?"

"இன்னொரு கூட்டம் வந்து என்னைப் பாத்து, வட்டிலப்பம் சாப்பிட்டுட்டுப் போக, உள்ளுக்கு இரிந்து நான் பதில் பாத்துக்கிட்டு இரிக்க... அது எனக்கு இனி ஏலா வாப்பா. நேசரி இல்லாம இரிக்க ஏலும்."

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். என் பிள்ளையை அவள் பிடித்த வேலையிலிருந்து இறக்குவதற்கு என் கையாலேயே ஒரு வண்டி வாங்கிக் கொடுக்க வேண்டுமாம், அதையும் அவளே கேட்கிறாள். அதற்கு மேல் கனவு எதற்கு? இஸ்திகாராவுக்கு விடை அந்தத் தேத்தண்ணிக் கடையிலேயே கிடைத்துவிட்டது என்று நான் நம்பினேன். மறுநாள் அஸர் தொழுதுவிட்டு நேரே அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

"பைக் வாங்கித் தர எனக்கு விருப்பமில்ல. மகள் வேலைய விடுறதும் எங்களுக்குத் தெரிஞ்ச பேச்சில்ல. இந்த ரெண்டும் இல்லாம முடிக்கிறதாயிரிந்தா, நாளைக்கே நிக்காஹ் வெக்க நான் ரெடி," என்றேன்.

மாப்பிள்ளை உம்மாவைப் பார்த்தார். உம்மா கோபப்படவே இல்லை.

"பைக்கா? நாங்க கேக்கல்லியே நானா. நீங்களாத்தானே ஏறிப் பாக்கப் போனீங்க?"

அவர் சொன்னது சரிதான். கேட்காமல் கேட்பதில் எங்கள் ஊருக்குள்ள கெட்டித்தனம் எனக்கு அன்றைக்குத்தான் முழுதாக விளங்கியது.

சம்பந்தம் நின்றது. அந்த வெள்ளிக்கிழமை குத்பாவில் முன் வரிசையில் தலையாட்டுகிற பெரியவர் ஒருவர் என் தோளில் கை போட்டு, "ஒரு பைக்குக்காகப் புள்ளட வாழ்க்கையக் கெடுத்துப் போட்டீங்களே" என்றார். நான் கையை எடுத்துவிட்டுப் போனேன். கொஞ்ச காலத்தில் மாப்பிள்ளைக்கு வேறு இடத்தில் நிக்காஹ் நடந்தது. பைக்கும் வந்தது. அவர் எங்கள் ரோட்டால் போகிறபோது இன்றைக்கும் வேகத்தைக் குறைத்து எனக்கு ஸலாம் சொல்வார். நான் பதில் சொல்வேன். பதில் சொல்வது கடமை.

மகளுக்கு இன்னும் கலியாணம் முடியவில்லை. நேசரிக்கு நடந்துதான் போகிறாள். என்னோடு பேசாமல் இருந்ததில்லை, குறை சொன்னதும் இல்லை. ஒரு நாள் மட்டும், நேசரிப் பிள்ளைகளுக்குக் காகிதத்தில் பூ வெட்டிக்கொண்டு இருந்தவள் தலை நிமிராமல், "நீங்க என்னைக் கேட்டீங்கதான் வாப்பா. ஆனா நான் சொன்னதக் கேக்கல்ல," என்றாள். நான் செய்தது சரி என்றுதான் இன்னும் நினைக்கிறேன். சரியைச் செய்தால் மனம் லேசாகும் என்று ஓதியதெல்லாம் எனக்கு மட்டும் ஏன் பலிக்கவில்லை என்று ஸுஜூதில் நெற்றியை வைத்து அல்லாஹ்விடம் கேட்கிறேன். பதில் அவனிடம் இருக்கிறது.

ஊரில் இந்தக் கதை பல மாதிரி ஓடுகிறது. வாப்பா கஞ்சன் என்று ஒன்று. பிள்ளையில் ஏதோ குறை என்று ஒன்று. எங்கள் பக்கம் பேசுகிறவர்கள் மாப்பிள்ளை குடிகாரன் என்று புதிதாக ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள். அவர் குடிக்கிறவர் இல்லை. என் மகளிடம் குறை இல்லை. நான் வீரனும் இல்லை. அவள் வேண்டும் என்று சொன்னதை வேண்டாம் என்று சொன்ன ஒரு வாப்பா, அவ்வளவுதான். வாசிக்கிறவர்கள் உங்கள் வீட்டில், உங்கள் பள்ளியில் இதைச் சொல்லுங்கள். ஆனால் நான் எழுதிய மாதிரியே சொல்லுங்கள். எங்களுக்காக இரங்கி ஒரு சொல் கூட்டவும் வேண்டாம், அவர்களுக்காக வெட்கப்பட்டு ஒரு சொல் குறைக்கவும் வேண்டாம்.