ராம்ஸ்பாட்டம் துரையின் செங்கல்

சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு செங்கல் சூளையில் நான் கிராணியாக இருந்தேன். கடிதம் எழுதுவது, ஆட்கள் பேசுவதைத் துரைக்கு மொழிபெயர்ப்பது எல்லாம் என் வேலை. அப்போது புது மானேஜராக ஒரு வெள்ளைக்காரத் துரை வந்தார். குடும்பப் பெயர் ராம்ஸ்பாட்டம். இங்கிலாந்தில் அதே பெயரில் ஓர் ஊர் இருக்கிறதாம், முன்னோர்கள் அங்கிருந்து வந்தவர்களாம். முதல் நாளே இதைச் சொல்லிவிட்டு என் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார். அப்படி ஒன்று கிடையாது, அப்பா பெயரின் முதலெழுத்து மட்டும்தான் என்றேன். சட்டை போடாமல் ஆபீசுக்கு வந்தவனைப் பார்ப்பதுபோல் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

நம் ஆட்களுக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. இரண்டே நாளில் அவர் 'ராமபட்டணம் துரை' ஆகிவிட்டார். ஆட்களை மேய்க்கும் மண்டோர் பெருமாள் பக்தர்.

"துரை ராமர் ஊர்க்காரரா இருக்கணும் கிராணியாரே. இல்லாட்டி இந்தப் பேரு எப்படி வரும்?" என்றார்.

நான் மறுக்கவில்லை. அந்த பக்தியில் ஒரு மாதம் வேலை ஒழுங்காக நடந்தது.

எனக்குத்தான் சும்மா இருக்க முடியவில்லை. தலைமைக் கிராணி யாழ்ப்பாணத்துக்காரர், கிறிஸ்தவர், தடித்த ஆங்கில அகராதி ஒன்று வைத்திருந்தார். இருவரும் அதைப் புரட்டினோம்.

"'ராம்' எண்டால் கடா ஆடு. 'பாட்டம்' எண்டால்…" என்று விரலை ஓட்டியவர், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தம்பி, இது ஆட்டுக்கடாவின்ரை குண்டியடா!"

ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகும் மனிதர் மேசையில் தலையைச் சாய்த்துச் சிரித்தார். மாலைக்குள் சூளை முழுக்கத் தெரிந்துவிட்டது. பரப்பியவன் நான்தான். மண்டோர் மூன்று நாள் என் முகத்தில் விழிக்கவில்லை.

பிறகு துரைக்கு ஓர் ஆசை வந்தது. செங்கல்லின் மேல்முகத்தில் இருக்கும் குழியில் தன் பெயர் பதிய வேண்டும். ஆங்கிலத்தில் அது பத்து எழுத்து. குழியில் ஆறுக்கு மேல் கொள்ளாது என்று அச்சு செதுக்கும் சீனத் தச்சர் சொல்லிவிட்டார்.

"பெயரை இரண்டாகப் பிரித்துவிடலாமா, சார்?" என்று கேட்டேன். கடிதத்திலிருந்து தலையைத் தூக்காமலே துரை "செய்" என்றார்.

ஒரு கல்லில் 'ராம்ஸ்', இன்னொரு கல்லில் 'பாட்டம்'. எங்கே பிரிக்கப்போகிறேன் என்று நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

இரண்டு வகையும் தனித்தனியாக அடுக்கப்பட்டிருந்தன. கடற்கரையோரக் காத்தோங்கில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதியின் பங்களாவுக்கு வந்த மதில் வேலைக்கு, வண்டிக்காரர்கள் கைக்கு எட்டிய அடுக்கிலிருந்தே ஏற்றிப் போனார்கள். நான்கு வண்டி. அத்தனையும் 'பாட்டம்'.

அந்த வீட்டுச் சீமாட்டி தேநீருக்கு வந்தவர்களிடம் அந்தக் கற்களைக் காட்டியிருக்கிறார். வந்தவர்களில் ஒருவர் கல்லொன்றைத் தூக்கிக்கொண்டு போய்த் துரைமார்கள் கூடும் கிளப்பில் வைத்துவிட்டார். மறுநாள் காலை துரை அதே கல்லை என் மேசையில் வைத்தார்.

"பெயரை இந்த இடத்தில் வெட்டியது யார்?"

"நான்தான், சார்."

"அர்த்தம் தெரிந்துதானா?"

பொய் சொல்லியிருக்கலாம். ஏனோ வரவில்லை. அகராதியில் பார்த்ததை முடிந்தவரை மரியாதையான வார்த்தைகளில் சொன்னேன்.

கத்துவார் என்று காத்திருந்தேன். அவர் எதிரே இருந்த முக்காலியில் உட்கார்ந்தார்.

"பள்ளிக்கூடத்தில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். ஆடு மாதிரிக் கத்துவார்கள். இவ்வளவு தூரம் வந்தால் யாருக்கும் புரியாது என்று நினைத்தேன்."

பழைய ஆங்கிலத்தில் 'பாட்டம்' என்றால் பள்ளத்தாக்கு என்று விளக்கினார். 'ராம்ஸ்' ஆடாகவும் இருக்கலாம், காட்டுப் பூண்டாகவும் இருக்கலாம், அறிஞர்களுக்கே சந்தேகமாம்.

"ஊர் எப்படி இருக்கும், சார்?"

"பார்த்ததில்லை. ஒருமுறை ரயிலில் அந்த வழியாகப் போனேன். தூங்கிவிட்டேன்."

நான் வாயை இறுக்கிக்கொண்டேன். பிறகு, நான் குடியிருக்கும் தேக்காவை மலாய்க்காரர்கள் எருமைக் கொட்டில் என்றுதான் சொல்கிறார்கள் என்றேன். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

மண்டோரிடம் ஓடிப்போய், பூண்டு விளையும் பள்ளத்தாக்குதான் சரியான அர்த்தமாக இருக்கும் என்று சமாதானம் சொன்னேன்.

"பூண்டா?" முகத்தைச் சுளித்தார். பெருமாளுக்காகப் பூண்டையே தொடாதவர். "அதுக்கு ஆடே தேவல லா."

துரை என்னை வேலையிலிருந்து நீக்கவில்லை. அதற்குப் பதில் காத்தோங்குக்குப் போய், மதில் எழும்பும்வரை வெயிலில் நிற்கச் சொன்னார். ஒவ்வொரு கல்லும் எழுத்து கீழே இருக்கும்படி, சாந்துக்குள் குப்புற வைக்கப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். கொத்தனார்கள் ஒவ்வொன்றையும் புரட்டும்போது என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டினார்கள்.

அந்தச் சீமாட்டி மட்டும் ஒரு கல்லைத் தர மறுத்துவிட்டார். கடற்காற்றில் அடித்துக்கொள்ளும் வாசல் கதவுக்கு அதை முட்டுக்கொடுத்து வைத்திருந்தார், எழுத்து நன்றாகத் தெரியும்படி.